பேனரில் முளைத்த கால்

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் விஜயலெட்சுமியை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் லெச்சிம்மா என்பார்கள்; அதைக் கேட்டுக் கேட்டு அவர்களைப் பெற்றவர்களும் லெச்சிம்மா என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். பிள்ளைக் காம்பராவில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. காலை ஆறு மணிக்கெல்லாம் தாய்மார் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவார்கள். அங்கே பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன மலை என்று பிரித்துவிட்ட பிறகு கொழுந்தெடுக்க ஏறுவார்கள். அவர்கள் திரும்பும்வரை இருபத்திரண்டு பிள்ளைகளைத் தூக்குவதும் இறக்குவதும் தொட்டிலில் போடுவதும் கழுவுவதும் இவள் பாடு. பொறுப்புக்கு ஒரு மிஸ் இருக்கிறார். அவருக்கு எழுத்து வேலை, இவளுக்குத் தூக்கு வேலை.

தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். தோட்டத்தை நடத்துகிற துரை இன்னும் அங்கேதான் இருக்கிறார், லெச்சிம்மாவும் அங்கேதான் இருக்கிறாள். இலங்கை மலையகத்தில் தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம் என்ற அளவுக்குச் சொன்னால் போதும். எல்லவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பது அந்த மலையின் எதிர்ப்பக்கத்தை. இந்தப் பக்கத்தை யாரும் எடுத்ததில்லை.

விஜயலெட்சுமிக்கு இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது இடது காலையும் கொண்டு போனது. இளம்பிள்ளை வாதம் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கால் அவளோடு வளர்ந்தது. இடது கால் பிள்ளைக் காலாகவே நின்றுவிட்டது. நடக்கும்போது முழங்கால் மடிந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் மடியாது. அப்படித்தான் அவள் நடக்கிறாள். ஒவ்வோர் எட்டுக்கும் ஓர் அழுத்து.

அம்மா இராக்கம்மா ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தாள். பாவாடையை ஒரு சாண் நீளமாகத் தைக்கக் கொடுத்து, அந்தக் கையைத் துணிக்குள்ளே மறைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். பெரிய பிள்ளையானதும் சேலை முந்தானை அந்த வேலையைச் செய்தது. கல்யாண வீடு, காதுகுத்து என்றால் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவாள். எல்லாரும் போன பிறகுதான் எழுப்புவாள். பந்தியில் எல்லாரும் எழுந்து கை கழுவப் போகும்போது விஜயலெட்சுமிக்கு மட்டும் சொம்பில் தண்ணீர் வரும். இப்படியே முப்பத்தெட்டு வயது ஆகிவிட்டது. கால் சரியில்லை என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். ஆனால் அந்தக் காலைக் கண்ணால் பார்த்தவர்கள் வீட்டுக்கு வெளியே ஒருவரும் இல்லை. இராக்கம்மாவைக் குறை சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான்.

சென்ற வருடம் பிரதேச செயலகத்திலிருந்து ஞானேஸ்வரி என்ற உத்தியோகத்தர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், வேலை கிடைத்துப் பதுளைக்கு வந்து இரண்டு வருடம். மாவட்ட மட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுப் போட்டி நடக்கிறது, இந்தத் தோட்டத்திலிருந்து யாராவது உண்டா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார்.

"அப்படியாப்பட்ட ஆளு எங்க வீட்டுல யாரும் இல்லீங்க மிஸ்" என்றாள் இராக்கம்மா, கதவை மறைத்துக்கொண்டு. கதவுக்குப் பின்னால் விஜயலெட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைக்கிற சத்தம் சற்று நின்று மறுபடி கேட்டது.

மறுநாள் ஞானேஸ்வரி பிள்ளைக் காம்பராவுக்கு வேறு ஏதோ விவரம் எடுக்க வந்தார். அங்கே ஒரு பெண் இரண்டு கைகளிலும் இரண்டு பிள்ளைகளை ஏந்தி, மூன்றாவதைத் தோளில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகத் தொட்டிலில் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உங்கட கையை ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். பிடித்துப் பார்த்தார். "இந்தக் கையை வச்சுக்கொண்டு சும்மா இருக்கிறியளே? நீங்கள் குண்டு எறியலாம். இருந்து கொண்டே எறியலாம், நிக்கத் தேவையில்லை."

உட்கார்ந்தபடியே எறிகிற ஒரு விளையாட்டு உலகத்தில் உண்டு என்பது விஜயலெட்சுமிக்கு அன்றைக்குத்தான் தெரியும். உட்கார்வதில் அவளுக்கு முப்பத்தாறு வருடப் பயிற்சி இருந்தது.

குண்டின் எடை மூன்று கிலோ. ஓடையில் உருண்டைக் கற்களாகப் பொறுக்கி வரச் செய்து, பிள்ளைகளை நிறுக்கிற தராசுத் தொட்டிலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஐந்தாவது கல் சரியாக மூன்று காட்டியது. பிறந்த பிள்ளையின் எடை. தினமும் பகல் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் காம்பராவின் பின்பக்கம் ஒரு பலகைக் கட்டையில் உட்கார்ந்து கல்லை எறிவாள். பிறகு தொடையைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்து வருவாள். மறுபடி எறிவாள். எடுக்கப் போய் வருகிற நேரம்தான் அதிகம். மூன்று மாதம் இப்படி எறிந்தாள், ஒருவரும் பார்க்கவில்லை. யாராவது பார்த்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்ததும் அப்போதுதான். அந்த நினைப்பு அவளுக்கே புதிதாக இருந்தது.

பதுளை மைதானத்துக்கு அவளோடு போனவர் தோட்டத்துச் சங்கத் தலைவர் மாடசாமி. நல்ல மனிதர். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாக நிற்பார். நிற்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றும் நினைப்பார். மைதானத்தில் ஓர் இரும்பு முக்காலியைத் தரையில் முளையடித்துக் கட்டியிருந்தார்கள். விஜயலெட்சுமி போட்டிக்காகச் சேலைக்குப் பதில் போட்டிருந்த களிசானின் இடது காலை முழங்கால்வரை சுருட்டிவிட்டாள், துணியின் மேல் பட்டி போட்டால் வழுக்கும் என்று ஞானேஸ்வரி சொல்லியிருந்தார். காலையும் இடுப்பையும் முக்காலியோடு இறுக்கிக் கட்டினார்கள். அந்தக் கட்டுக்குள் அவளுக்கு ஒரு விநோதமான நிம்மதி வந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இடது கைக்கு வேலை இல்லை. விழவும் முடியாது. ஆறு மீட்டர் எண்பத்து நாலு சென்டிமீட்டர் எறிந்தாள். முதலாமிடம். சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர், எல்லாரும் வேற்று முகம். ஞானேஸ்வரியும் மாடசாமியும் கை தட்டினார்கள். இதை நம்ம பெரட்டு ஆட்கள் பார்த்திருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது முழுக்க அவளுக்கு அதே நினைப்பு.

மாடசாமி போனில் படம் எடுத்திருந்தார். பேனர் அடிக்காமல் அவரால் இருக்க முடியுமா? மறுநாளே பதுளை டவுனில் ஸனூஸின் ஸ்டூடியோவுக்குப் போனார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு கனத்துவிட்டது. முக்காலி, கயிறு, பட்டி, அந்தக் கால். நம்ம பிள்ளையை இப்படிக் கட்டிப்போட்ட மாதிரியா ஊர் பார்க்க வேண்டும்?

"தம்பி, இந்தக் கட்டை கயிறு எல்லாத்தையும் எடுத்துடுங்க. நல்லா நிக்கிற மாதிரி பண்ணிடுங்க" என்றார்.

ஸனூஸும் இரக்கக்காரன்தான். வேலையிலும் சுத்தக்காரன். இடுப்புக்குக் கீழே யாரோ ஒரு வெளிநாட்டு வீராங்கனையின் இரண்டு கால்களை எடுத்து ஒட்டினான். தொடையில் தசை முறுக்கேறி, வெள்ளைச் சப்பாத்து போட்டு, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே. நிறத்தைக்கூட ஒரு மாதிரி மாற்றிச் சரிசெய்துவிட்டான். எட்டடி உயரப் பேனர். 'ஊவா மாகாணத்தின் இரும்பு மகள்! எங்கள் தோட்டத்தின் தங்க மகள்!' என்று மேலே. கீழே மூலையில் கை கூப்பியபடி மாடசாமி, குண்டைவிடக் கொஞ்சம் பெரிய அளவில்.

பெரட்டுக்களத்து ஓரத்தில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு அதைக் கட்டி, பட்டாசு கொளுத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். "லெச்சிம்மா, சினிமாக்காரி தோத்தா போ!" என்று கேலி செய்தார்கள். இவளைத் தெரிந்த, இவள் கையில் பிள்ளையைக் கொடுத்த நூறு பேர் அங்கே இருந்தார்கள். இந்தக் கால் இவளுடையது இல்லையே என்று ஒருவர் சொல்லவில்லை. கல்யாணப் படத்தில் கறுப்பை வெளுப்பாக்குகிற மாதிரி, இதுவும் ஒரு மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இராக்கம்மா கற்பூரம் கொண்டுவந்தாள். பேனருக்குத் திருஷ்டி சுற்றி, கற்பூரம் கொளுத்தி வைத்துவிட்டு நின்று பார்த்தாள். "நான் ஆத்தாகிட்ட கேட்டது இப்படித்தான்டி" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

அதைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். விஜயலெட்சுமி சொல்லவில்லை. இதை மறைக்கக் கூடாது, ஏனென்றால் பிறகு நடந்த அத்தனைக்கும் இதுவும் ஒரு காரணம். காலை இருட்டு விலகுகிற நேரம், மற்றவர்கள் வருவதற்கு முன்னால், பிள்ளைக் காம்பராவுக்குப் போகிற வழியில் அவள் அங்கே நின்றுவிட்டுத்தான் போவாள். தன் முகம், தன் தோள், தன் கை. அதற்குக் கீழே கை பிடிக்காமலே நிற்கிற இரண்டு கால். பத்து நாளும் பார்த்தாள். பொய் என்று தெரியும். தெரிந்தும் பிடித்திருந்தது.

பதினோராம் நாள் துரை பார்த்தார்.

துரை வந்து மூன்று மாதம்தான். பெரட்டுக்கு அவர் தினமும் வருவதில்லை. அன்றைக்கு வந்தவருக்குக் கொழுந்தெடுக்க ஆள் போதவில்லை என்ற எரிச்சல். இளம் பெண்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள், பாதி மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருக்கிறது. லேசு வேலைக்காரர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. வயதானவர்கள், நோயாளிகள் என்று ஏழு பேர். அதைக் குறைக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த வேளையில் கண்ணில் பட்டது பேனர்.

"இது நம்ம ஆளா?" என்று கங்காணியிடம் கேட்டார். ஆமாங்க தொரை என்றார் கங்காணி பெருமையோடு. "எந்த மலையில் வேலை?" மலையில் இல்லை, பிள்ளைக் காம்பராவில் என்றதும் துரை பட்டியலைப் புரட்டினார். பேர் அதில் இருந்தது. பேனரைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

விஜயலெட்சுமியும் மாடசாமியும் போனார்கள். போகிற வழியில் மாடசாமி குரலைத் தாழ்த்தினார். "லெச்சுமி, படம் வெட்டி ஒட்டினதுன்னு மட்டும் சொல்லிறாத. சங்கத்துப் பேரு அதுல இருக்கு. பொய் பேனர் வச்சானுங்கன்னு சிரிப்பாங்க. வேற மாதிரி பேசிக்குவோம்."

அவள் முந்தானைக்குள் கையை நன்றாக மறைத்துப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாகப் பிடிப்பதுதான். அன்றைக்கு அதுவே வினையாயிற்று. சின்னதாக விந்தி விந்தி வந்து நின்ற பெண்ணைத்தான் துரை பார்த்தார்.

"அந்தப் படம் நீதானே?"

இந்த இடத்தில் அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் துரை, இந்தப் பக்கம் மாடசாமி, வாசலில் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர். அது என் கால் இல்லை என்று மூன்று ஆண்களுக்கு நடுவில் நின்று சொல்ல வேண்டும்.

"ஆமாங்க தொரை" என்றாள்.

"அப்ப என்ன கஷ்டம்? இரும்பு எறிய ஏலும், கொழுந்து எடுக்க ஏலாதா?" என்றார் துரை. மருத்துவக் கடிதம் இருக்கிறது என்று மாடசாமி சொல்லிப் பார்த்தார். அது பத்தொன்பது வருடத்துக்கு முந்தியது, இப்போது குணமாகிவிட்டதே, இல்லாவிட்டால் புதிதாக மெடிக்கல் போர்டுக்குப் போய் வரட்டும் என்றார் துரை. போர்டுக்கு மூன்று மாதமாவது ஆகும். அதுவரை திங்கட்கிழமையிலிருந்து ஐந்தாம் நம்பர் மலை. போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவேன் என்றார். பேர் வெட்டினால் வேலை போகும், வேலை போனால் லயத்துக் காம்பராவுக்கும் வில்லங்கம் வரும். தம்பி குடும்பமும் அம்மாவும் அந்தக் காம்பராவில்தான் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஏறினாள். கொழுந்தெடுக்க இரண்டு கை வேண்டும். அவளுக்கு நிற்க ஒரு கை வேண்டும். கங்காணி பாவம் பார்த்து ரோட்டோர நிரையைக் கொடுத்தார். ஆனால் மலை மலைதானே, ரோட்டோரத்திலும் சரிவுதான். இரண்டு கையையும் செடியில் வைத்தால் முழங்கால் மடியும். முழங்காலைப் பிடித்தால் கொழுந்து கையில் வராது. எட்டு மணிக்குள் இரண்டு தடவை விழுந்தாள். பக்கத்து நிரைப் பெண்கள் தூக்கிவிட்டுத் தங்கள் கொழுந்தில் ஒரு பிடி அள்ளி அவள் பையில் போட்டார்கள். பத்து மணிக்கு மூன்றாவது தடவை விழுந்தவள் உருண்டு போய், மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் கிடந்தாள். இடுப்பு, முழங்கை எல்லாம் சிராய்ப்பு. எலும்பு ஒன்றும் முறியவில்லை. கீழே பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் வீரிட்டு அழுவது அந்த மலைவரை கேட்டது. மிஸ்ஸுக்கு ஒரே நேரத்தில் ஒரு பிள்ளைக்கு மேல் தூக்க வராது.

சாயங்காலம் இராக்கம்மா மஞ்சளும் உப்பும் சுடவைத்து ஒற்றடம் கொடுத்தாள். "பேசாம அந்த மெடலக் கொண்டுபோய் அவங்ககிட்டயே குடுத்துரு. நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்றாள்.

"மெடலா என்னய மலைக்கு அனுப்புச்சு? பேனரும் நானும்தான்" என்றாள் விஜயலெட்சுமி. அன்றைக்கு அவளுக்குத் துரை மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்ததுதான் பெரிது.

செவ்வாய்க்கிழமை அவள் மாடசாமியைக் கூட்டிப் போகவில்லை. தனியாகப் போய் ஆபீஸ் வாசலில் நின்றாள். துரையிடம், "தொரை, பேனர்ல இருக்கிற காலு எனக்குள்ளது இல்லீங்க. ஸ்டூடியோவுல ஒட்டினது. நான் ஒக்காந்துதான் எறியறேன்" என்றாள்.

"அன்றைக்கு நீதான் என்று சொன்னாய்."

"சொன்னது தப்புங்க."

மாடசாமியை அனுப்பச் சொல்லி வாங்கிய உண்மையான படத்தைப் போனில் காட்டினாள். துரை வாங்கிப் பார்த்தார். முக்காலி, கயிறு, கால். திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தக் காலத்தில் படத்தில் எதையும் ஒட்டலாம், எதையும் வெட்டலாம், அதை நீயே இப்போது சொன்னாயே என்றார். சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. சேலையைத் தூக்கிக் காலைக் காட்டு என்று ஒரு துரை கேட்க முடியாது. அவராகக் கேட்காததை அவளாகக் காட்டுவதற்கும் அது இடம் இல்லை.

"அப்பன்னா நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க தொரை. நான் எறியறேன். பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அது எப்படித் தன் வாயில் வந்தது என்று வெளியே வந்த பிறகுதான் யோசித்தாள். வேலையைக் காப்பாற்றத்தான் கேட்டாள். ஆனால் நெஞ்சுக்குள் கிடந்து அடித்துக்கொண்டது வேலை மட்டும் இல்லை. பார்க்கப் போகிறார்கள். நம்ம ஆட்கள் எல்லாரும் பார்க்கப் போகிறார்கள்.

ஞானேஸ்வரிக்குப் போன் போட்டாள். அவர் முதலில் கொதித்தார், கடிதம் எழுதுவேன், மேலிடத்துக்குப் போவேன் என்றார். பிறகு, "உங்களுக்கு எறிய விருப்பமோ அக்கா?" என்று கேட்டார். விருப்பம் என்றாள். மறுநாள் விடியக் காலையில் முக்காலியையும் முளைகளையும் குண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பெரட்டுக்களம் சரளைத் தரை. முளை ஆழமாக இறங்கவில்லை. மாடசாமி இதற்குள் செய்தி கேட்டு வந்துவிட்டார். முகத்தைத் தூக்கி ஒருவரையும் பார்க்கவில்லை. வந்ததும் முதல் வேலையாகப் பேனரின் கட்டுகளை அறுத்து, அதைச் சுருட்டித் தரையில் போட்டார். பிறகு முளையடிக்க ஞானேஸ்வரிக்குக் கை கொடுத்தார். முக்காலி ஆடிக்கொண்டே இருந்தது. எறிகிற நேரம் ஆளுக்கொரு பக்கம் குனிந்து பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

நூறு பேர் இருக்கும். பையும் கையுமாக நின்றார்கள். துரை ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார், பெரிய கிளாக்கர் ஒரு கொப்பியோடு அவருக்குப் பின்னால். விஜயலெட்சுமி களிசான் போட்டு, மேலே சட்டை போட்டு, முந்தானை இல்லாமல் நடந்து வந்தாள். மறைக்கத் துணி இல்லாததால் இடது கை தொடையை அழுத்துவது எட்டுக்கு எட்டு எல்லாருக்கும் தெரிந்தது. முக்காலியில் உட்கார்ந்து களிசானை முழங்கால்வரை சுருட்டினாள்.

அகப்பைக் காம்பு மாதிரி இருந்த அந்தக் காலைத் தோட்டம் அன்றைக்குத்தான் பார்த்தது. முன் வரிசையில் யாரோ 'ச்சு' என்றார்கள். இராக்கம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து தோளில் கிடந்த துவாயை எடுத்து மகளின் காலில் போர்த்தினாள்.

"எடும்மா. துணி இருந்தா வழுக்கும்."

"ஊரே பாக்குதுடி."

"பாக்கத்தான் வரச் சொன்னேன். எடு."

இராக்கம்மா எடுத்தாள். எடுத்த துவாயால் தன் முகத்தை மூடிக்கொண்டாள். ஞானேஸ்வரி பட்டியை இறுக்கிவிட்டு முக்காலியின் பின்கால்களைப் பிடித்துக் குனிந்தார். மாடசாமி மறுபக்கம் மண்டியிட்டார். அவர் தோள் குலுங்குவது முக்காலி வழியாக அவளுக்குத் தெரிந்தது.

குண்டு குளிர்ந்திருந்தது. கழுத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். எதிரே களத்தின் விளிம்பு, அதற்கப்பால் தேயிலை. இடது கைக்கு வேலை இல்லாத அந்த நிம்மதி மறுபடி வந்தது. மூச்சை இழுத்து, இடுப்பைத் திருப்பி, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றின் பின் ஒன்றாக விட்டாள். விரல் நுனியிலிருந்து குண்டு போனபோதே தெரிந்துவிட்டது. மூன்று மாதமும் பின்கட்டில் எறிந்த எறியெல்லாம் இதற்காகத்தான். பதுளையில் எறிந்ததைவிடப் பெரிது, ஏழு மீட்டருக்குக் கிட்ட வந்திருக்கும், தாண்டியும் இருக்கும். எறிந்த வேகத்தில் தலை மார்போடு சாய்ந்து கண் ஒரு கணம் மூடிக்கொண்டது. கண் திறந்து முதலில் பார்த்தது ஆட்களைத்தான்.

நூறு பேரும் அவள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். "பாவம், பெத்தவ மனசு எப்படி இருந்திருக்கும்" என்றாள் ஒருத்தி. பேனர் கட்டிய அன்றைக்குக் குலவையிட்டவர்கள் இவர்கள்தான். கை தட்ட ஒரு கை எழவில்லை. துரை தொப்பியைக் கழற்றித் தரையைப் பார்த்தபடி, "பிள்ளைக் காம்பராவில் போடு. இன்றைக்கே" என்று கிளாக்கரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கிளாக்கர் எழுதிக்கொண்டார். வேலை திரும்பி வந்துவிட்டது.

"குண்டு எங்க விழுந்துச்சு?" என்று கேட்டாள் விஜயலெட்சுமி.

ஞானேஸ்வரியைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து, கைமண்ணைத் தட்டிக்கொண்டு, "நான் குனிஞ்சு பிடிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான் அக்கா" என்றார் சங்கடத்தோடு. மாடசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாராவது பாத்தீங்களா? எவ்வளவு தூரம் போச்சு?"

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் என்று ஒருவர் கை காட்டினார், இல்லை இந்தப் பக்கம் என்றார் இன்னொருவர். "அது கெடக்கட்டும் விடும்மா, வேலதான் கெடச்சிருச்சே" என்றாள் இராக்கம்மா துவாய்க்குள்ளிருந்து.

விஜயலெட்சுமி குனிந்து பட்டியைத் தானே அவிழ்த்தாள். நாங்க எடுத்துத் தாறோம் என்று வந்தவர்களை வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். தொடையைப் பிடித்துக்கொண்டு களத்தைக் கடந்து விளிம்புக்குப் போய், தேயிலைக்குள் இறங்கினாள். அவள் பின்னால் பெரட்டு கலைந்து, அவரவர் மலைக்கு ஏறத் தொடங்கினார்கள். கால் மணி நேரம் தேடினாள். குண்டு ஒரு தேயிலைத் தூரின் அடியில், கானில் கிடந்தது. அங்கேதான் விழுந்ததா, எங்கோ விழுந்து உருண்டு வந்ததா என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் ஓர் ஆள் இல்லை.